முள்ளை அளக்காமல் அச்சு வாங்கினோம்: கிருஷ்ணகிரியில் ஒரு ஜிக் ஹெட் வார்ப்பு

கிருஷ்ணகிரி அணைக் கரையின் கல் சரிவுக்கு நான் இதுவரை கொடுத்திருக்கிற ஈயத்தைத் திரும்ப எடுத்தால், ஒரு வீச்சு வலையின் விளிம்புக்கே ஈய மணி கட்டலாம். போன ஆடியில் ஒரே காலைப்பொழுதில் ஏழு ஜிக் ஹெட் போயிற்று. பிடித்த மீன் ஒன்று. அதுவும் உள்ளங்கை அகல ஜிலேபி.

தெரியாதவர்களுக்கு: ஜிக் ஹெட் என்பது, கயிறு கட்டுகிற கண்ணுக்குக் கீழே ஈயக்குண்டு வார்த்த தூண்டில் முள். அதில் ரப்பர் மீனையோ ரப்பர் புழுவையோ கோத்து எறிந்து, தரையைத் தொடவிட்டு, தூண்டில் ராடு நுனியால் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். தரையைத் தொட்டால்தான் மீன் பார்க்கும். தரையைத் தொட்டால்தான் கல்லிலும் மாட்டும். ஆக, தொலைவது இந்த வேலையோடு பிறந்தது. பெங்களூரில் ஐந்து கொண்ட பாக்கெட்டாக வாங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை முடியும்போது பாக்கெட் அட்டை மட்டும் வீட்டுக்கு வரும்.

அதனால்தான் நாமே வார்க்கலாம் என்ற யோசனை. எனக்குக் காவேரிப்பட்டணத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை. மச்சினன் ஓசூர் சிப்காட்டில் அச்சு செய்கிற ஒரு சின்ன டை கடையில், கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைக் குடைகிற வி.எம்.சி. மெஷின் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் மீன் பைத்தியம். பத்து மாதத்தில் நான்கு அச்சு பார்த்துவிட்டோம். முதல் மூன்றில் செலவு செய்த காசுக்குக் கடை ஜிக் ஹெட்டாகவே ஒரு வாளி வாங்கியிருக்கலாம். எங்கே கோட்டை விட்டோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது அந்த வாளி மிச்சமாகட்டும்.

என்ன தேவைப்பட்டது

அணையின் முழு மட்டம் 52 அடி. அந்தக் கணக்கைப் பார்த்து ஆரம்பத்தில் கனமான குண்டுகளாகவே வாங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் கரையில் நின்று எறிகிறவனுக்கு எட்டுகிற ஆழம் பத்துப் பன்னிரண்டு அடிதான். அதற்குப் பத்து கிராம் தாராளம். பாரூர் ஏரி மாதிரி இடங்களில், கோரைப்புல் ஓரம் விராலுக்குப் போடுவதென்றால் ஆறு கிராம். ஜிலேபிக்கு மூன்று கிராமே போதும், ரொம்பக் கனத்தால் வாயில் வாங்கித் துப்பிவிடும். இந்த மூன்று எடையில் எங்கள் தேவை முடிந்துவிட்டது.

இதை முதலிலேயே ஒரு தாளில் எழுதியிருந்தால் பாதி வம்பு வந்திருக்காது. நாங்கள் எழுதவில்லை. படத்தில் எந்தத் தலை அழகாக இருக்கிறதோ அதைப் பார்த்தோம்.

முதல் அச்சு: பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்)

எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள் போலிருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் களிமண்ணைப் பரப்பி, கடையில் வாங்கிய ஜிக் ஹெட் ஒன்றைப் பாதி புதைத்து, மேலே பிளாஸ்டர் கரைசலை ஊற்றினோம். இறுகியதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, வாஸ்லின் தடவி, அடுத்த பாதியையும் ஊற்றினோம். பிரித்தால் தலையின் வடிவம் அச்சு அசலாக விழுந்திருந்தது. மொட்டை மாடியில் நான்கு நாள் வெயில். அதுவும் கிருஷ்ணகிரி சித்திரை வெயில். தட்டிப் பார்த்தால் ஓடு மாதிரி கணகணவென்று சத்தம்.

இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி ஊற்றினேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சோறு பொங்குகிற மாதிரி குபுகுபுவென்று ஊற்றுவாயில் கொப்பளித்து, ஒரு சொட்டு என் செருப்பு வாரில் வந்து ஒட்டியது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டிச் சுவரில். கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே வேலை அது.

நான்கு நாள் காய்ந்த அச்சில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதை மச்சினன்தான் தேடிப் படித்துச் சொன்னான். பிளாஸ்டர் இறுகுவதே தண்ணீரைத் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டுதான். இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம். நூறு கிராம் ஜிப்சத்தில் சுமார் 21 கிராம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. அது ஈரம் கிடையாது, கல்லின் பகுதி. வெயிலுக்குப் போகாது. நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறினால்தான் கழன்று வரும். காரீயம் உருகுவதே 327 டிகிரியில். அந்தச் சூடு பட்டதும் ஒளிந்திருந்த தண்ணீர் ஆவியாகிறது. ஆவியானால் அதன் பருமன் ஆயிரத்தறுநூறு மடங்குக்கு மேல் விரியும். வழி எங்கே இருக்கிறதோ அங்கே பீறிடும். வழி நம் முகத்துக்கு நேராக இருந்தால் முகம்தான்.

அடுப்பில் வைத்துப் பல மணி நேரம் சுட்டு அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் ஊற்றலாம். நாங்களும் சுட்டோம். கொப்பளிப்பு நின்றது. ஆனால் தண்ணீரை எடுத்துவிட்ட பிளாஸ்டருக்கு உயிர் இல்லை, சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்கிறது. ஆறாவது ஊற்றில் முள் உட்காருகிற வாய்க்காலின் விளிம்பு பெயர்ந்து வந்தது. ஒரு வடிவத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் பிளாஸ்டர் சரி. தொடர்ந்து வார்க்க நினைத்தால் வேண்டாம்.

இரண்டாவது: சிலிகான்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிகச் சூடு தாங்கும் சிவப்பு சிலிகான் வாங்கினோம். வடிவம் பிளாஸ்டரைவிடத் துல்லியம், தலையில் செதுக்கிய கண்கூட வந்தது. ஆனால் சிலிகான் ரப்பர். கிளாம்ப்பை இறுக்கினால் குழி நசுங்குகிறது, தளர்த்தினால் இணைப்பு வழியே ஒழுகுகிறது. ஒரே குழியில் ஊற்றிய குண்டுகள் தராசில் ஒன்றுக்கொன்று அரை கிராம் விலகின. முள்ளும் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. முள் சாய்ந்த ஜிக் தண்ணீரில் நேராக வராது, பக்கவாட்டில் உருளும். தவிர, காரீயச் சூட்டுக்கு ஊற்றுவாய் ஓரம் கறுத்து வெடிக்க ஆரம்பித்தது. சூடு குறைந்த உலோகத்துக்கு இது நல்ல அச்சு. அந்த உலோகம் எது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது: கப்பலில் வந்த அலுமினியம்

வெளிநாட்டு அலுமினிய அச்சு ஒன்றை வரவழைத்தேன். இரண்டு மரக் கைப்பிடி, நடுவில் கீல், ஆறு குழி. புத்தகம் மாதிரி திறந்து மூடும். கையில் வாங்கியதும் மச்சினன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, ஃபினிஷைப் பாருங்க, நம்ம பட்டறையில இந்த வேலைக்கு ஒரு வாரம் கேப்பாங்க" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலையே முள்ளை வைத்து மூடினேன். மூடவில்லை. நூலிழை இடைவெளி. சரி, கிளாம்ப் போட்டு அழுத்தி ஊற்றினேன். திறந்தால் குண்டைச் சுற்றி அப்பளம் மாதிரி பிசிறு. முள்ளின் கண்ணுக்குள் ஈயம் அடைத்துவிட்டது.

இங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு. அச்சின் விவரப் பக்கத்தில் ஒவ்வொரு குழிக்கும் நேராக ஒரு முள் எண் போட்டிருந்தது. இந்தக் குழிக்கு இந்த முள், இந்தக் கம்பெனி, இந்த அளவு என்று. அந்த வரியை நான் படிக்கவே இல்லை. முள் என்றால் முள்தானே, இரண்டாம் நம்பர் முள் எங்கே போனாலும் இரண்டாம் நம்பர்தானே என்ற நினைப்பு. உதிரிபாகக் கடைக்காரன் நினைக்கக் கூடாத நினைப்பு அது. ஒரே வண்டிக்கு இரண்டு வருஷ மாடலின் கிளட்ச் கேபிளை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

வெர்னியரை எடுத்து அளந்தோம். அச்சில் முள் கம்பிக்கு வெட்டிய வாய்க்காலில் ஒரு மில்லிமீட்டர் கம்பிதான் உட்காரும். எங்கள் முள்ளின் கம்பி 1.3 மி.மீ. அந்த 0.3 மி.மீ.தான் நான் பார்த்த நூலிழை இடைவெளி, அதுதான் அப்பளம். கம்பி மெல்லியதாக இருந்திருந்தாலும் தப்பித்திருக்க மாட்டோம். வாய்க்காலில் ஆடிக்கொண்டு முள் கோணலாக நின்றிருக்கும், ஈயம் தண்டு வழியே வழிந்திருக்கும்.

அதைவிட மோசம் இன்னொரு அளவு. ஜிக் முள்ளின் தண்டு நேராக இருக்காது, கண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஒரு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். ஈயம் அந்த மடக்கைச் சுற்றித்தான் உட்காரும். கண்ணிலிருந்து மடக்கு வரை எவ்வளவு தூரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்கள் முள்ளில் அது ஒன்றரை மி.மீ. குறைவு. மடக்கைச் சரியாக வைத்தால் கண் குழிக்குள் போய்விடுகிறது. கண்ணை வெளியே நிறுத்தினால் மடக்கு குழியின் நடுவுக்கு வரவில்லை. எப்படி வைத்தாலும் ஒன்று கெடும்.

மடக்கின் கோணமும் முக்கியம், அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. 90 டிகிரி மடக்கில் கண் தண்டுக்குச் செங்குத்தாக மேலே நிற்கும். ராடைத் தூக்கினால் ஜிக் நேராக எழும், விட்டால் நேராக விழும். கல் தரையில் தட்டித் தூக்க அதுதான் வசதி. 60 டிகிரி என்றால் கண் கொஞ்சம் முன்னால் சாயும். புல்லுக்குள் இழுக்கும்போது செத்தையை விலக்கிக்கொண்டு வரும். 30 டிகிரிக்குக் கிட்டே போனால் இன்னும் முன்னால், நீந்த விடுகிற ஜிக்குக்கு அது. அச்சில் இருந்தது 60. கையில் இருந்த முள் 90.

அந்த எண்ணுள்ள முள்ளை எங்கள் பக்கத்துக் கடைகளிலும் பெங்களூரிலும் தேடினோம். கிடைக்கவில்லை. வரவழைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முள்ளுக்காகக் கடல் தாண்ட வேண்டுமென்றால் சொந்தமாக வார்ப்பதில் என்ன அர்த்தம்? அரத்தை எடுத்து வாய்க்காலை அகலப்படுத்தப் பார்த்தேன். ஒரு பக்கம் கூடுதலாக அரவி, நல்ல அச்சையும் கெடுத்தேன். மச்சினன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததுதான் வலித்தது.

மாக்கல்

அணைப் பக்கம் வீச்சு வலை பின்னுகிற பெரியவர் ஒருவரைப் பல வருஷமாகத் தெரியும். வலையின் விளிம்பில் கோக்கிற ஈய மணியை அவரே வார்ப்பார். ஒரு நாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, உள்ளே போய்த் துணியில் சுற்றிய இரண்டு கல் துண்டை எடுத்து வந்தார். மாக்கல். சேலம் பக்கத்திலிருந்து வருகிற கல்சட்டி செய்கிற அதே கல். கத்தியாலேயே செதுக்கலாம், நெருப்புக்கு வெடிக்காது. இரண்டு பாதியிலும் எட்டு எட்டு அரைக்குழி. நடுவே நீளமாக ஒரு வாய்க்கால், அதில் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி. ஈயம் இறுகியதும் கம்பியை உருவினால் எட்டு மணியிலும் துளை தயார்.

நான் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கம்பியைத் தொட்டுக் காட்டினார்.

"இத பாரு தம்பி. கயிறு எங்க கிடைக்கும், என்ன தடிமன்ல கிடைக்கும்னு பாத்துட்டு, அதுக்குத் தோதா கம்பி எடுத்தேன். அப்புறம்தான் கல்லுல கை வெச்சேன். நீ கல்ல வாங்கிட்டு கயிறு தேடறே."

அவருக்கு ஜிக் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் எங்கள் மூன்று அச்சின் கோளாறும் அந்த ஒரு பேச்சில் வந்துவிட்டது.

நான்காவது: முள்ளிலிருந்து ஆரம்பித்தது

இந்த முறை முதலில் முள். பெங்களூரில் எப்போது போனாலும் கையிருப்பில் இருக்கிற இரண்டே வகையைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று கல்லுக்கு, மெல்லிய கம்பி, 90 டிகிரி. மெல்லிய கம்பியின் லாபம், கல்லில் மாட்டினால் பலமாக இழுக்கும்போது முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும், குறட்டால் திரும்ப வளைத்துக்கொள்ளலாம். இன்னொன்று விராலுக்கு, தடித்த கம்பி, 60 டிகிரி. விரால் வாய் எலும்பு, மெல்லிய முள் அதில் ஏறாது. இரண்டிலும் மொத்தமாக 200 முள் வாங்கி வைத்தோம். நாளைக்கே கடைக்காரர் சரக்கை மாற்றினாலும் அச்சு வீணாகாது.

அந்த 200இல் இருபதை எடுத்து வெர்னியரில் நான்கு அளவு பார்த்தோம்: கம்பித் தடிமன், கண்ணின் வெளி விட்டம், கண்ணிலிருந்து மடக்கு, மடக்கின் கோணம். ஒரே டப்பாவில் இருந்த முள்ளிலேயே சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தது. அதில் பெரிய அளவை எடுத்துக்கொண்டான் மச்சினன். வாய்க்கால் கொஞ்சம் தளர்வாக இருந்தால் பிசிறு சமாளிக்கலாம், இறுக்கமாக இருந்தால் அச்சே மூடாது என்பது அவன் வாதம்.

தலை வடிவம்? இங்கேதான் அவன் ஒரு காரியம் செய்தான். எனக்கு அம்பு மாதிரி கூர்த் தலைமேல் ஆசை. அவன் உருண்டை என்றான். "மாமா, உருண்டைன்னா நடுவுல சரியாப் பிளந்தா எந்தப் பக்கமும் மாட்டாது, அச்சுல இருந்து தானா விழும். உங்க அம்பு செதிலு வெச்சு வந்தா, நான் ராத்திரி பூரா புரோகிராம் போடணும்." உண்மைதான். ஓனரைக் கேட்டு வேலை நேரம் முடிந்தபின் மெஷினில் ஏறுகிறவன் அவன். பட்டறையில் ஏற்கெனவே இருக்கிற, நுனி அரை உருண்டையாக இருக்கும் பால் நோஸ் கட்டரை எடுத்து அரை விட்டம் ஆழத்துக்கு இறக்கினால் அரை உருண்டை. இரண்டு பாதியிலும் அப்படி இறக்கினால் முழு உருண்டை.

அப்போது கணக்கு தலைகீழாகியது. புத்தக அளவுகள் அவுன்ஸில் இருக்கும். கால் அவுன்ஸ் என்றால் 7.1 கிராம், அதற்கு 10.6 மி.மீ. உருண்டை வேண்டும். அந்த அளவுக்குக் கட்டர் கிடையாது. பட்டறையில் இருப்பது 8, 10, 12 மி.மீ. அந்த உருண்டைகளின் எடையைப் போட்டுப் பார்த்தோம். காரீயத்தில் 8 மி.மீ. உருண்டை 3 கிராம். 10 மி.மீ. 5.9 கிராம். 12 மி.மீ. 10.3 கிராம். முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டிய தாளில் என்ன இருந்தது? மூன்று, ஆறு, பத்து. மச்சினன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவுன்ஸ் என்ற கணக்கு எங்களுக்கு எதற்கு?

ஒவ்வொரு உருண்டைக்கும் பின்னால் ரப்பர் மீன் கழன்றுவிடாமல் பிடிக்க ஒரு சின்னக் கழுத்து, அதில் ஒரு செதில். ஊற்றுவாய் புனல் மாதிரி அகன்று, குழிக்குள் 3 மி.மீ. துளையாக இறங்கும். காற்று வெளியேற, இணைப்புத் தளத்தில் ஸ்க்ரைபர் என்கிற கூர் ஊசியால் மயிரிழை மாதிரி கீறல்கள். உலோகம் அதில் நுழைவதற்குள் இறுகிவிடும், காற்று மட்டும் போகும். கீல் வைக்கவில்லை. இரண்டு பாதியையும் நேராகப் பொருத்தி நிறுத்த இரண்டு டவல் பின் (சின்ன எஃகு ஆணி), ஒரு சி கிளாம்ப். கீல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது துளி தேய்ந்தாலும் இரண்டு பாதியும் விலகும். பின் தேய்ந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

கட்டரை நேராக இறக்கினதால் குழியின் அடியில் நடுப்புள்ளி கொஞ்சம் சொரசொரப்பு. கட்டரின் நுனி சுழலாத இடம் அது. வார்த்த உருண்டையின் இரண்டு கன்னத்திலும் ஒரு சின்ன மச்சம் மாதிரி விழுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, கண் வரைய அடையாளம்.

காரீயமா, வெள்ளீயமா

உலோகம் பற்றி இதுவரை பேசாமல் வந்தேன். வீட்டில் பேசவிடவில்லை என்பதுதான் உண்மை.

முதல் அச்சுக்கு டயர் கடையில் வீல் பேலன்ஸ் எடைகளை வாங்கினோம். அதில் இப்போது துத்தநாகமும் கலந்து வருகிறது. துத்தநாகம் உருக 420 டிகிரி வேண்டும், காரீயத்தைவிட லேசும்கூட. சூட்டை அடக்கி வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் தள்ளிவிடலாம். சூட்டை ஏற்றினால் அதுவும் கலந்து, உலோகம் கஞ்சி மாதிரி ஆகி, குழியில் ஓடாது. பழைய பேட்டரித் தகட்டை மட்டும் யாரும் தொட வேண்டாம். அமிலமும் ஆர்செனிக்கும் ஆன்டிமணியும் இருக்கிற சரக்கு, உருக்கினால் வருவது விஷப் புகை.

மாடியில் உருக்குவதைப் பார்த்த வீட்டம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "துணி காயற இடத்துலயா?" எங்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். குழந்தைகளுக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. புகையைவிட நான் பயப்படுவது தூளுக்கு. மேலே படிகிற கசடு, அரம் போடும்போது பறக்கிற தூள், அது ஒட்டிய கை, அந்தக் கை தொடுகிற குழந்தை. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவளே இன்னொன்றும் சொன்னாள். "எங்க பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வெப்பாங்க, அது மட்டும் என்ன?" அதுதான் வழியைக் காட்டியது. ஈயச் சொம்பு காரீயம் கிடையாது, வெள்ளீயம். ரசம் இல்லாமல் காலியாக அடுப்பில் வைத்த சொம்பு உட்கார்ந்துபோன கதை நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். பாட்டிகள் பயந்த அந்தக் குணம் எங்களுக்கு வரம்.

ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கிற காரீயம் கலக்காத சால்டர் கட்டி வாங்கினோம். 99.3 சதம் வெள்ளீயம், 0.7 சதம் செம்பு, 227 டிகிரியில் உருகும். கட்டியின்மேல் அச்சடித்திருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். 60/40, 63/37 என்று போட்டிருந்தால் அதில் காரீயம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள், காரீயம் பென்சில் மாதிரி சாம்பல் கோடு இழுக்கும். வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று முனகும், காரீயம் சத்தமில்லாமல் மடங்கும்.

விலைதான் வலிக்கும். காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலே. ஆனால் நான் தொலைக்கிறது ஏழு ஜிக் என்றால் ஏழு ஜிக்கும் அணைக்குள்தான் கிடக்கிறது. அந்தத் தண்ணீர் சுமார் 9,000 ஏக்கருக்குப் பாய்கிறது. பிரிட்டனில் அன்னப்பறவைகள் அடித்தரையில் கிடந்த தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால், 1987லேயே 28 கிராம் வரையிலான சில்லறை ஈயக்குண்டுகளைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டார்கள். நம் அணையிலும் தாரா வகைகள் வருகின்றன. அவையும் அரைப்பைக்குக் கல் பொறுக்கித் தின்கிறவைதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. அச்சு அதேதான், உலோகம் மாறினால் எடை மாறும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. பத்து கிராமுக்கு வெட்டிய 12 மி.மீ. குழியில் வெள்ளீயம் ஊற்றினால் 6.6 கிராம்தான். பத்து மி.மீ.யில் 3.8. எட்டில் இரண்டு கிராம். எங்கள் மூன்று, ஆறு, பத்து எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. ஜிலேபிக்குப் பத்து மி.மீ., விராலுக்குப் பன்னிரண்டு என்று மாற்றிக்கொண்டோம், கல் சரிவுக்கு மட்டும் 14 மி.மீ. கட்டரில் இன்னொரு குழி வெட்டினோம். அது 10.5 கிராம் வருகிறது. முள்ளை முதலில் பார்க்கக் கற்றுக்கொண்ட நாங்கள், உலோகத்தைக் கடைசியில் பார்த்த விலை அந்த நான்காவது குழி. முள், உலோகம், அப்புறம் அச்சு என்று போயிருக்க வேண்டும்.

ஊற்றினது

அச்சை மூடிச் சூடேற்றிக்கொண்டு, திறந்து, மெழுகுவத்திப் புகையில் குழிகளைக் கறுப்பாக்கினோம். அந்தக் கரிப்படலம் இருந்தால் உலோகம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, குண்டும் ஒட்டாமல் விழுகிறது. சூடேறாத அலுமினியம் உலோகத்தின் சூட்டை ஒரே மடக்கில் குடித்துவிடும். முதல் மூன்று ஊற்றும் சுருக்கம் விழுந்து, வாடின கத்தரிக்காய் மாதிரி வந்தன. எடுத்துத் திரும்பக் கரண்டியில் போட்டோம். நான்காவதிலிருந்து கண்ணாடி மாதிரி.

10 மி.மீ.யில் முப்பது ஊற்றி, கழித்துக் கட்டியது நான்கு. மூன்றில் முள்ளை நான் சரியாக உட்காரவைக்கவில்லை, ஒன்றில் கரண்டியை நடுவில் நிறுத்தினேன். நிறுத்தாமல் ஒரே ஊற்றாக, புனல் நிரம்பி நிற்கிற வரை ஊற்ற வேண்டும். இறுகும்போது உலோகம் சுருங்கும், புனலில் நிற்கிற மிச்சம் இறங்கி அந்த இடத்தை நிரப்பும். தராசில் வைத்தால் குண்டுக்குக் குண்டு வித்தியாசம் ஒரு அரிசி எடைதான். பக்கத்தில் தண்ணீர் வாளி வைக்கவில்லை, குண்டுகளை மரப் பலகையில் கொட்டி ஆறவிட்டோம். உருகின உலோகத்தில் ஈரக் கரண்டி பட்டாலே போதும், முதல் நாள் செருப்பு வார் இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளீயம் என்றாலும் சமையலறை அடுப்பில் செய்வதில்லை. காரீயம் தொட்ட பழைய கரண்டியை ஆக்கர் கடைக்குப் போட்டாயிற்று. மாடியில் தனி ஸ்டவ், தனிக் கரண்டி, வேலை முடிந்ததும் துணி மாற்றிக் குளியல். இந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது.

விஷயம் பரவி, தர்மபுரி நண்பர் ஒருவர் ஒகேனக்கலுக்குக் கொண்டுபோக இருபது கேட்டார். கொடுக்கவில்லை. அந்தக் காவிரிப் பகுதியின் காடுகள் வனவிலங்குச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. காவிரி தெற்குச் சரணாலயம் 2022இல் வந்தது. அந்த ஆற்றில் இருக்கிற திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருக்கிற மீன். அங்கே ஜிக் எறிய நான் காரணமாக இருக்க மாட்டேன். அணையானாலும் ஏரியானாலும், மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் ராடை எடுக்கிறோம். அவருக்கு வருத்தம்தான்.

போன ஞாயிறு கல் சரிவில் 14 மி.மீ. குண்டோடு இரண்டு மணி நேரம் எறிந்தேன். மூன்று போயிற்று. இரண்டு முறை முள் நிமிர்ந்து திரும்பி வந்தது, குறட்டால் வளைத்து மறுபடி எறிந்தேன். விரால் ஒன்று கடித்து, கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது விட்டுவிட்டது.

8 மி.மீ. குழி மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. வெள்ளீயம் உள்ளே போவதற்குள் மூன்று மில்லி வாயிலேயே இறுகிவிடுகிறது, அரை உருண்டையாக வருகிறது. வாயை நான்கு மில்லியாக்க அச்சு ஓசூர் போயிருக்கிறது. மச்சினன் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருவதாகச் சொன்னான், வரும்போது முள் இன்னொரு டப்பாவும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அதே எண்தானா என்று அளந்து பார்த்துவிட்டு.